குடம் கவிழும் அளவுக்கு ஒரு மூடி

என் மனைவி பொற்கொடியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கள் வீட்டுத் தண்ணீர் மெசினில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பிடிவாதக்காரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டத்தை அவளுக்குக் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் அவளிடம் தோற்றுப்போனவர்கள். இருபத்திரண்டு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குக் கூடுதலாகச் சில விஷயங்கள் தெரியும்.

என் பெயர் கந்தப்பன். மின்வாரியத்தில் லைன்மேன். பொற்கொடி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் டீச்சர். கோயமுத்தூரில் இருந்து சத்தியமங்கலம் போகிற ரோட்டில், சரவணம்பட்டி தாண்டி, செல்வகணபதி நகர் என்று புதிதாக மனை பிரித்துப் போட்டிருந்தார்கள். தொண்ணூற்றைந்தில் அங்கே வீடு கட்டிக் குடிபோனோம். நிலத்துக்காரப் பண்ணாடிகளின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்த, ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட சாதி எங்களுடையது. அந்த நகரில் எங்கள் வீடு ஒன்றுதான் அப்படி.

யாரும் ஒரு சொல் தவறாகச் சொன்னதில்லை. கொங்கு நாட்டில் மரியாதைக்கு என்ன பஞ்சம்? மோட்டாருக்குக் கரண்ட் வரவில்லை என்று தோட்டத்துக்குப் போனால், "ஏனுங்க லைன்மேன், வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்பார்கள். கம்பத்தில் இருந்து இறங்கித் தண்ணீர் கேட்டால் உடனே கொண்டுவருவார்கள். நான் இரண்டு கையையும் குவித்து வாயோடு சேர்த்துக் குனிந்து நிற்க வேண்டும். அவர்கள் மேலே இருந்து ஊற்றுவார்கள். "போதுமுங்களா, இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமுங்களா?" என்று கேட்டுக் கேட்டு ஊற்றுவார்கள். சொல்லுக்குச் சொல் ஒரு 'ங்க' இருக்கும், சொம்பு மட்டும் கைக்கு வராது. நானும் குடித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போய்விடுவேன். எனக்குப் பழகிப்போயிருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

செல்வகணபதி நகரில் முறை வேறு. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் என்ன விஷயம் என்று கேட்பதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பொற்கொடி கொண்டுவருவாள். வந்தவர் சொம்பைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், சிரிப்பார். "இப்பத்தானுங்க டீச்சர் குடிச்சுப்போட்டு வாரேன்" என்பார். மே மாசத்து மத்தியானத்தில் பஸ் ஸ்டாப்பில் இருந்து நடந்தே வந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற ஆளும் அதையே சொல்வார். நாலு வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவருக்குக்கூடத் தாகம் இருந்ததில்லை.

"நெசமாவே குடிச்சுப்போட்டு வந்திருப்பாங்க புள்ள" என்பேன் நான்.

"நீங்க நல்ல ஏமாளிங்க" என்பாள். சொம்புத் தண்ணீரைத் திரும்பக் குடத்தில் ஊற்ற மாட்டாள். அங்கேயே நின்று தானே மடமடவென்று குடித்துவிட்டு உள்ளே போவாள்.

இதில் எனக்கே எரிச்சல் வருகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த நகரில் போர்வெல் தண்ணீர் முழுக்க உப்பு. குடிக்கிற தண்ணீர் மெயின் ரோட்டில் இருக்கிற பொதுக்குழாயில்தான், அதுவும் வாரம் ஒரு நாள். எல்லோரும் வரிசையில் நின்று அதே குழாயில்தான் பிடிப்போம். நான் என் மொபெட்டில் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு வருவேன். குழாயடியில் அது எல்லோருக்கும் ஒரே தண்ணீர். எங்கள் வாசற்படியைத் தாண்டியதும் வேறு தண்ணீராகிவிடும்.

எங்கள் நகருக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் உண்டு. மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் என்று சுற்றி வரும் கூட்டம். பொற்கொடிதான் செயலாளர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அவள் தலையில் கட்டிவிட்டார்கள். ஆனால் கூட்டம் மட்டும் எங்கள் வீட்டுக்கு வராமலே சுற்றிக்கொண்டிருந்தது. முறை வரும்போதெல்லாம், "டீச்சருக்கு எதுக்குங்க சிரமம், பள்ளிக்கூட வேலை வேற" என்று கரிசனமாக அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். தொண்ணூற்றொன்பது சித்திரையில் நடந்த கூட்டத்தில் பொற்கொடி நோட்டை மூடி வைத்துவிட்டு, "வைகாசி மீட்டிங் எங்க ஊட்லீங்க. எழுதிப்போட்டேன்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் சங்கத் தலைவர் கோவிந்தராஜுலு எங்கள் வீட்டுக்கு வந்தார். மில்லில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர் என்றுதான் சொல்வேன். நாங்கள் வீடு கட்டும்போது அவர் வீட்டு ஏணி ஆறு மாசம் எங்களிடம்தான் இருந்தது. வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, ஊர்க் கதை எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"டவுன்ல ஒரு மெசின் வந்திருக்குதுங்க டீச்சர். பெரிய கேனைத் தலைகீழாக் கவுத்து வெச்சுட்டா ஜில்லுனு தண்ணி வருது. கம்பெனியே சீல் வெச்சுக் கொண்டாந்து குடுத்துருதுங்க. யாரு கையும் படறதில்ல. மீட்டிங்குக்கு அத ஒண்ணு வாங்கிப் போட்டுட்டீங்கன்னா எல்லாருக்கும் சௌரியமுங்க."

எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே சந்தோஷம். அட, இவ்வளவு சுலபமா! சீல் வைத்த கேன் தண்ணீருக்கு என்ன சாதி? வந்தவர்கள் குடிப்பார்கள், பொற்கொடியின் முகம் தெளியும், நானும் நிம்மதியாகத் தூங்குவேன் என்று நினைத்தேன்.

பொற்கொடி கேட்டாள்: "யாரு கையும் படறதில்லீங்களா, எங்க கை படறதில்லீங்களா?"

கோவிந்தராஜுலுவின் முகம் கறுத்துவிட்டது. "அய்யோ, நான் அப்படிச் சொல்லுவனுங்களா டீச்சர்? உங்களுக்கு நல்லது நெனச்சுச் சொன்னேன்" என்று எழுந்துவிட்டார். பக்கத்து முக்காலியில் அவருக்காக வைத்த சொம்பு வைத்தபடியே இருந்தது.

அவள் ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காங்கேயத்துப் பக்கம் ஒரு ஊரில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் தோட்டத்து ஆட்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானை உண்டு. மற்றப் பிள்ளைகள் மொண்டு குடிப்பார்கள். இவள் தெருப் பிள்ளைகள் கையேந்தி நிற்க வேண்டும், யாராவது மனது வைத்து ஊற்றுவார்கள். இவள் கையேந்தவில்லை. ஒன்றாம் வகுப்பில் இருந்து ஐந்தாம் வகுப்பு முடியும் வரை பள்ளிக்கூடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வந்து குடத்தோடு வாய் வைத்துக் குடிப்பாளாம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். கேட்ட எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எத்தனை வருஷம் கைகுவித்துக் குடித்திருக்கிறேன் நான்!

எப்படியோ பேசிப் பேசி அவளைக் காந்திபுரத்தில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். பாலிடெக்னிக் படிக்கிற எங்கள் மகள் மதிவதனியும் வந்தாள். கடைக்குள் ஏசி. வெள்ளை வெளேரென்று மெசின்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் நீலக் கேன், முன்னால் நீலக் குழாய் ஒன்று, சிவப்புக் குழாய் ஒன்று. நீலத்தில் ஜில் தண்ணீர், சிவப்பில் சுடுதண்ணீர். மதிவதனிக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. எனக்கும்தான். டை கட்டிய விற்பனையாளர் பொற்கொடிக்கு எல்லாவற்றையும் இயக்கிக் காட்டினார்.

"இதுல ஸ்பெஷலே என்னன்னா, நீங்க எதையுமே தொட வேண்டாமுங்க மேடம்" என்றார் பெருமையாக.

"நான் தொடற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. "அது வந்துங்க மேடம்..." என்று என்னைப் பார்த்தார். நான் கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தேன்.

"கேன் இல்லாம எங்க ஊட்டுத் தண்ணிய நானே ஊத்திக்கலாமுங்களா?"

"அப்படிச் செஞ்சா வாரண்டி போயிருமுங்க மேடம்."

"போவட்டுமுங்க" என்று வெளியே வந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "என்ன வேணும்னுதான் சொல்லித் தொலையேன் புள்ள. நாலு பேரு நம்மூட்ல வந்து தண்ணி குடிக்கோணும்னுதானே இத்தன வருசமா மல்லுக்கட்டற? குடிக்க ஒரு வழி கெடச்சிருக்குது, அதையும் வேண்டாங்கற!"

அவள் குரலை உயர்த்தவில்லை. "கேன் தண்ணி குடிச்சா கம்பெனிக்காரன் தண்ணியக் குடிச்ச மாதிரிங்க. நம்ம தண்ணியக் குடிச்ச மாதிரி ஆவாது. நாலு வருசமா ஒண்ணும் பேசாம வேண்டாம்னாங்க. இப்ப நாமளே காசு குடுத்து, 'எங்க கை படலீங்க, பயப்படாமக் குடிங்க'ன்னு மெசின் வெச்சுச் சொல்லோணுமா? நான் சொல்ல மாட்டேன்."

மதிவதனி, "அம்மா சொல்றது சரிதானுங்கப்பா" என்றாள். இரண்டு பேரும் ஒரு கட்சி ஆகிவிட்டார்கள். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

அப்துல் குத்தூஸைப் பொற்கொடியே கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடத்து ஆண்டு விழா நடந்த கல்யாண மண்டபத்தில் பெரிய ஸ்டீல் தண்ணீர் கூலர் ஒன்று இருந்ததாம். அதன் முதுகில் ஆணியடித்திருந்த தகட்டில் அவர் பெயரும் உக்கடத்து விலாசமும் இருந்ததாம். முந்தின வருஷம் கோயமுத்தூரில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் பக்கத்து ஆட்கள் முஸ்லிம்கள் அதிகம் இருக்கிற அந்தத் தெருக்களுக்குப் போவதைக் குறைத்திருந்தார்கள். பொற்கொடி சனிக்கிழமை காலையில் என்னை மொபெட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள் என்றுதான் சொல்ல வேண்டும், வண்டி ஓட்டியது நானாக இருந்தாலும்.

சின்னப் பட்டறை. உள்ளே ஸ்டீல் தகடுகள், பழைய கம்ப்ரஸர்கள், வெல்டிங் வாசனை. குத்தூஸ் பாய்க்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மில் கேன்டீன், மண்டபம், பள்ளிவாசல் என்று பெரிய இடங்களுக்குத்தான் கூலர் செய்து கொடுப்பார்.

"ஊட்டுக்குங்களா?" என்றார் ஆச்சரியமாக. "ஊட்டுக்கு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்களேம்மா. எத்தன பேரு குடிக்கறதுக்குங்க?"

"குடிக்கறவங்க எத்தன பேருன்னு இனிமேத்தானுங்க தெரியும்" என்றாள் பொற்கொடி.

அவர் நாற்பது லிட்டர் தொட்டி போதும் என்றார். "பின்னாடி ஒரு பைப் குடுத்து மேல் டேங்க்ல சேத்துவுட்டுட்டா ஊத்தற வேலையே இல்லீங்க. தண்ணி தானா வந்துரும்."

"பைப் வேண்டாமுங்க பாய். மேல மூடி வேணும். ஒரு குடத்தக் கவுத்தற அளவுக்கு அகலமா இருக்கோணும். ஒசரம் என் தோளுக்குக் கீழ இருக்கோணும். நான் ஊத்தறது முன்னாடி உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியோணுமுங்க."

இப்படி ஒரு அளவை அவர் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார். ஏன் என்று கேட்கவும் இல்லை. இன்ச் டேப்பை எடுத்து அவள் தோள் உயரத்தை அளந்து சுண்ணாம்புக் கட்டியால் தகட்டில் குறித்துக்கொண்டார். பிறகு, "டம்ளருக்குச் சங்கிலி வெக்கட்டுமுங்களா? மில்லுக்கெல்லாம் வெப்போம்" என்றார்.

"எங்க ஊட்ல டம்ளரக் கட்டி வெக்கறதில்லீங்க."

இரண்டு நாள் கழித்து வைக்கிற இடத்தைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். முன்னறைச் சுவரை அளந்தபடியே, "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா, தொண்ட காயுது" என்றார். பொற்கொடி சொம்பைக் கொண்டுவந்தாள். ஒரு கையில் இன்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சொம்பை வாங்கி, வாய் வைத்துக் குடித்துவிட்டு ஜன்னலில் வைத்தார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. பேச்சு முழுக்க ஸ்டெபிலைசரைப் பற்றித்தான். நானும் பொற்கொடியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மெசின் வந்தது. அழகு என்று சொல்ல முடியாது. மதிவதனி, "பேங்க் லாக்கரத் தூக்கியாந்து வெச்ச மாதிரி இருக்குதுங்கப்பா" என்றாள். கம்ப்ரஸர் ஓடினால் வீட்டுத் தரையே லேசாக அதிரும். ஆனால் தண்ணீர் பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்தது. பொற்கொடி ஒரே மாதிரியான எவர்சில்வர் டம்ளர்கள் இருபது வாங்கிவந்து பக்கத்தில் அடுக்கினாள்.

கூட்டத்து நாள் காலையில் நான் ஒரு காரியம் செய்தேன். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை எடுத்து மெசினில் நிரப்பி, மூடி, சுவிட்சைப் போட்டுவிட்டேன். வருகிறவர்கள் மெசினைப் பார்ப்பார்கள், கம்பெனித் தண்ணீர் என்று நினைப்பார்கள், குடிப்பார்கள். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஈரத் தலையோடு வந்தவள் கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டாள். குடங்களை ஒவ்வொன்றாகக் குழாய்க்குக் கீழே வைத்து, கடைசிச் சொட்டு வரை பிடித்து எடுத்துவிட்டாள்.

"அவங்களுக்குத் தெரியாமக் குடிச்சா அது குடிச்சதுல சேத்தியே இல்லீங்க" என்றாள். "தெரிஞ்சு குடிக்கோணும். இல்லீன்னா தெரிஞ்சே போவோணும். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு."

"எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டா என்ன புள்ள பண்றது?"

"போனா இருபது டம்ளரும் நாமளே குடிப்போம்."

இந்தத் தெருவில்தான் நாங்கள் இன்னும் முப்பது வருஷம் இருக்க வேண்டும். மகளுக்கு இங்கே இருந்துதான் கல்யாணம் பண்ண வேண்டும். அவளுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை, அல்லது இருந்தும் காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குப் பதினாலு பேர் வந்தார்கள். வைகாசி வெயில் இன்னும் சுவரில் இருந்து அடித்துக்கொண்டிருந்தது. கோவிந்தராஜுலு உள்ளே நுழைந்ததும் மெசினைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பரவால்லீங்களே டீச்சர், மெசின் போட்டாச்சு!" என்றார். மற்றவர்களும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். அன்றைக்குப் பேச இருந்ததும் தண்ணீரைப் பற்றித்தான். நகருக்கு அத்திக்கடவுக் குடிநீர் இணைப்பு வேண்டும் என்று கலெக்டருக்குக் கொடுக்க மனு எழுதி வைத்திருந்தாள் பொற்கொடி. எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு பொற்கொடி சமையலறைக்குப் போனாள். இடுப்பில் பித்தளைக் குடத்தோடு வந்தாள். மெசினின் மூடியைத் திறந்து ஓரமாக வைத்தாள். குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தாள். தண்ணீர் ஸ்டீலில் விழுகிற சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. இரண்டாவது குடமும் அப்படியே. கடைசியில் குடத்துக்குள் கையை விட்டு வழித்து ஊற்றினாள். அது தேவையே இல்லாத வேலை, வேண்டுமென்றே செய்தாள்.

"மெயின் ரோட்டுக் குழாயில எங்கூட்டுக்காரரு புடிச்சுக் கொண்டாந்ததுங்க. நான் காச்சி, வடிகட்டி, என் கையால ஊத்தியிருக்கறேன். அரை மணி நேரத்துல ஜில்லுனு ஆயிரும். மீட்டிங்க ஆரம்பிக்கலாமுங்க."

மெசின் உறுமிக்கொண்டிருந்தது. தெரு விளக்கு, சாக்கடை என்று ஏதேதோ பேசினார்கள். யாருக்கும் பேச்சில் கவனம் இல்லை. அரை மணி கழித்து அவள் பதினாலு டம்ளரிலும் தண்ணீர் பிடித்துத் தட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள். வெளியே வேர்த்த டம்ளர்களைப் பார்த்தே எனக்கு நாக்கு வறண்டது.

"இப்பத்தானுங்க டீச்சர், ஊட்ல குடிச்சுப்போட்டு வந்தேன்."

"எனக்குச் சளிங்க."

"டாக்டர் ஜில்லுத் தண்ணி ஆவாதுன்னுட்டாருங்க."

"இப்பத்தானுங்க..."

பதினாலு பேரையும் கேட்டு முடித்துவிட்டுத் தட்டைக் கொண்டுபோய் மெசின் மேல் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்ததா என்று பார்த்தேன். இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து தீர்மான நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்ததும், வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

"கூட்டத்திற்கு வருகை தந்த பதினான்கு உறுப்பினர்களும் தாங்கள் சற்று முன்புதான் தண்ணீர் அருந்தியதாகவும், தங்களுக்குத் தாகம் இல்லை என்றும் தெரிவித்தனர். ஆகவே இந்நகருக்குக் குடிநீர் இணைப்புக் கோரும் மனு தேவையில்லை என ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது."

நோட்டைத் திருப்பி நடுவில் வைத்து, மேலே பேனாவையும் வைத்தாள். "கையெழுத்துப் போடுங்க."

கோவிந்தராஜுலு எழுந்தார். "டீச்சர், ஊட்டுக்கு வந்தவங்கள இப்படியா நடத்தறது? இது மரியாதையாங்க?"

"மரியாதையில என்னங்க கொறை? எல்லாருக்கும் 'ங்க' போட்டுத்தானுங்க பேசறேன்."

"நாங்க எப்ப உங்களத் தப்பா ஒரு வார்த்தை பேசியிருக்கறோம்?"

"பேசலீங்க. ஒரு நாளும் பேசலீங்க. நாலு வருசமா ஒவ்வொரு சொம்பா வேண்டாம்னு சொன்னீங்க. நானும் நாலு வருசமா ஒவ்வொரு சொம்பா உள்ள கொண்டுபோனேன். பேசியிருந்தாக்கூடப் பதிலுக்குப் பேசியிருப்பனுங்க." அப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "தாகமில்லாத ஊருக்குத் தண்ணி கேட்டுக் கலெக்டருக்குப் பொய் எழுத எனக்கு வராதுங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த சுப்பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிரைண்டர் பட்டறை வைத்திருப்பவர், எதற்கும் சத்தமாகச் சிரிக்கிற ஆள். "டீச்சர் நல்லா மடக்கிப்போட்டாங்கப்பா!" என்று எழுந்து வந்தார். சிரித்துக்கொண்டு வந்தவர் டம்ளரைக் கையில் எடுத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். என்ன நினைத்தாரோ, "நானும் இப்பத்தானுங்க குடிச்சேன்னு பொய் சொன்னேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு டம்ளரையும் எடுத்தார். அவர் மனைவி வந்தாள். பிறகு மூன்று பேர். மொத்தம் ஐந்து.

மற்ற ஒன்பது பேரும் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். கோவிந்தராஜுலு கடைசியாகப் போனார். பொற்கொடி தீர்மானத்தை அடித்துவிட்டு, 'தாகம் உள்ளவர்கள் ஐவர். தலைவர் கையெழுத்து இல்லாததால் மனு ஒத்திவைக்கப்பட்டது. மீண்டும் அடுத்த ஞாயிறு, இதே வீட்டில்' என்று எழுதினாள். நானும் மகளும் அவளும் மிச்சம் இருந்த டம்ளர்களைக் குடித்துத் தீர்த்தோம். எனக்கு வயிறு உப்பிவிட்டது. அன்றைக்கு எனக்கு அவள்மேல் கோபமும் இருந்தது, அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலவும் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணி. தெருவில் ஒரு குருவிகூட இல்லை. பள்ளிக்கூடம் லீவு, நான் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. கோவிந்தராஜுலு குடையோடு நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பொற்கொடியைப் பார்த்து, "ஒரு டம்ளர் தண்ணி குடுங்க டீச்சர்" என்றார்.

நான் அப்படியே பூரித்துப்போனேன். டம்ளரை எடுக்க நானே ஓடினேன். பொற்கொடி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தாகத்துக்குக் கேக்கறீங்களா, எனக்காகக் கேக்கறீங்களா?"

அவர் குடையை மடக்கினார்.

"தாகம்னா எத்தன டம்ளர் வேணும்னாலும் குடிங்க, குடுக்கறேன். எனக்காகன்னா, தெருவுல ஆளில்லாத நேரம் பாத்து வந்து குடிக்க வேண்டாமுங்க. ஞாயித்துக்கிழமை வந்து எல்லாரு முன்னாடியும் குடிங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டு வாசலில் வயசானவர் தண்ணீர் கேட்டு நிற்கிறார், இவள் கணக்குக் கேட்கிறாள். எங்கள் பக்கத்தில் பகையாளிக்குக்கூட யாரும் தண்ணீர் இல்லை என்று சொல்வதில்லை. வாயைத் திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். கோவிந்தராஜுலு குடையின் பிடியைத் தடவியபடி நெடுநேரம் நின்றார். ஒரு பொய் சொன்னால் போதும், தண்ணீர் கிடைத்துவிடும். நாலு வருஷமாகச் சொன்ன பொய்யைத் திருப்பிப் போட வேண்டியதுதான்.

"தாகம் இல்லீங்க டீச்சர்" என்றார் கடைசியில். "ஞாயித்துக்கிழமை வாரேனுங்க."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். கோவிந்தராஜுலு எல்லோருக்கும் பிறகு வந்து, எல்லோரும் பார்க்க நடந்துபோய், தானே டம்ளரை எடுத்து, தானே குழாயைத் திறந்து பிடித்தார். குழாயை மூடும்போது கொஞ்சம் சட்டையில் சிந்தியது. குடித்தார். பாதி வரை குடித்தார். மிச்சத்தை டம்ளரோடு மெசின் மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து மனுவில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு மற்றவர்களும் வரிசையாக எழுந்து போய்க் குடித்தார்கள்.

எல்லோரும் போன பிறகு நான் சந்தோஷத்தில், "ஜெயிச்சுப்போட்டயே புள்ள! அவரே குடிச்சுட்டாரே, பாதி டம்ளரு!" என்றேன்.

பொற்கொடி மெசின் மேல் இருந்த டம்ளரை எடுத்து அதில் இருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"மீதிப் பாதி இருக்குதுல்லீங்க" என்றாள். "அடுத்த மாச மீட்டிங்கும் இங்கதான்னு நோட்டுல எழுதிப்போட்டேன்."